டீசலை மிச்சம் பிடிக்க இது வழியல்ல

இறக்கத்தில் கிளட்சை மிதித்தபடி டிராக்டரை உருளவிட்டால் டீசல் மிச்சமாகும் என்ற நம்பிக்கையை நான் படித்த ஒரு கட்டுரை மறுத்தது நல்லது. கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரைக் குறைத்தாலே, எஞ்சினுக்குப் போகும் டீசலைக் கட்டுப்படுத்தும் கருவியான கவர்னர் டீசலை ஏறக்குறைய நிறுத்திவிடும். அப்புறம் மிச்சம் எங்கே?

எனக்குப் பெரிய பயம் டிரெய்லர்தான். பலவற்றுக்குத் தனி பிரேக் இல்லை. எஞ்சினின் பிடி விட்டதும் பாரம் பின்னாலிருந்து தள்ளி டிராக்டரையே மடக்கிவிடும். பல டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான், சூடேறினால் அதுவும் பிடிக்காது. சின்னக் கியரில் கிளட்சை மிதித்து வேகமெடுத்தால், சக்கரங்கள் கிளட்ச் தகட்டை அளவுக்கு மீறிச் சுழற்றும். தகடு சிதறக்கூட வாய்ப்புண்டு.

இறங்கும் முன்பே சின்னக் கியரைப் போட்டு, இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனியாக உள்ள இரண்டு பிரேக் பெடல்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பூட்டிவிடுங்கள், தயவுசெய்து. பாதி இறக்கத்தில் கியர் மாற்றப் பார்த்தால் விழாமல் போகலாம்.