பொன்னாடையோடு மணி அடிக்கப் போனவர்

போன கிழமை எங்கள் பங்குத் திருநாள். பூசை, சுற்றுப்பிரகாரம் எல்லாம் முடிந்து, கோயில் முற்றத்துப் பந்தலுக்குக் கீழே மூன்று பேருக்குக் கௌரவிப்பு நடந்தது. வன்னி வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒலிவாங்கியைப் பிடித்திருந்த பெடியன் மூன்று பேருக்கும் ஒரே தாளைத்தான் வாசித்தான். "நீண்டகாலமாக அர்ப்பணிப்போடு இறைபணியாற்றிய..." பெயர் மட்டும் மாறியது.

இரண்டாவதாக, குருவுக்குத் துணையாகக் கோயில் காரியங்களைப் பார்க்கும் எங்கள் மூப்பர் அப்புவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு பேச்சு, அதற்குப் பிறகும் பேச்சு. பன்னிரண்டு மணியானதும் அப்பு கதிரையை விட்டு எழும்பி, போர்த்திய பொன்னாடையோடேயே நடந்துபோய், காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் சொல்லும் திரிகால செபத்துக்கு மணி அடித்தார். பேசிக்கொண்டிருந்தவர் வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டா. ஏன் என்று கேட்டேன், சொல்லவில்லை.

அந்தத் தாளில் இல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். 2006 ஆகஸ்டில் வன்னியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 பாதை போரால் பூட்டப்பட்டபோது நான் யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டார் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். ஆகவே இது நான் கண்டதல்ல, பிறகு ஊராரிடம் கேட்டது. 2008 கடைசியில் போர் நெருங்கி ஊரே இடம்பெயர்ந்தபோது அப்பு கோயிலில் இருந்து எடுத்தது ஞானஸ்நானப் பதிவேடு இரண்டு, திருமணப் பதிவேடு ஒன்று. உரப்பைக்குள் வைத்து, தறப்பாள் துண்டால் சுற்றிக் கட்டினாராம். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, வலைஞர்மடம் என்று சனம் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டே போனது. முதலில் கட்டில், பிறகு நெல்மூட்டை, பிறகு சட்டி பானை. அந்த உரப்பை மட்டும் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

காகிதம்தானே என்று நினைக்கலாம். பிறப்புப் பத்திரம் முதல் அடையாள அட்டை வரை எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வந்த சனத்துக்கு, தான் இன்னாரின் பிள்ளை, இந்தத் திகதியில் பிறந்தவர் என்று காட்ட மிஞ்சியிருந்தது அந்தப் பதிவேட்டில் ஒரு வரி. மீளக் குடியேறிய பிறகு எங்கள் அக்காவின் கலியாணத்துக்கு ஓலை வாசிக்க, அதாவது கோயிலில் கலியாண அறிவித்தல் சொல்ல, ஞானஸ்நானத் துண்டு கேட்டார்கள். அது அந்த உரப்பைக்குள் இருந்துதான் வந்தது. இதைத்தான் "நீண்டகால இறைபணி" என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டார்கள்.

மூன்றாவதாக அழைக்கப்பட்டவர் ஒரு மாமி. அவருக்கு மட்டும் அந்தத் தாளோடு "ஆலய அலங்காரப் பணி" என்று சேர்த்துச் சொன்னார்கள். சனிக்கிழமை தவறாமல் பீடத் துணிக்குக் கஞ்சி போட்டுக் காயவிடுகிறவர் அவர், அது உண்மைதான். இரணைப்பாலையில் காயப்பட்ட ஒரு பிள்ளைக்குக் கட்டுப்போட அதே பீடத் துணியைக் கிழித்துக் கொடுத்தவரும் அவர்தான். "மாதா கோவிக்க மாட்டா" என்று சொல்லிக்கொண்டே கிழித்தாராம். இது எந்த அலங்காரத்தில் சேரும்?

முதலாவது பொன்னாடை வெளிநாட்டில் இருந்து வந்திருந்த ஒருவருக்கு. அவரைக் குறை சொல்ல வரவில்லை. அவரும் அவரைப் போன்றவர்களும் அனுப்பிய காசு இல்லாவிட்டால் நாங்கள் இன்னும் தறப்பாளுக்குக் கீழேதான் பூசை கண்டுகொண்டிருப்போம். ஆனால் அவர் கொடுத்தது எவ்வளவு என்று சதக்கணக்கில் சுவரில் சலவைக்கல்லில் இருக்கிறது. அப்பு கொடுத்ததற்குக் கல்லும் இல்லை, கணக்கும் இல்லை. என் கோபம் அவ்வளவுதான்.

சாதாரண சனம் செய்ததைப் பெயரில்லாமல் விட்டுவிடுவது எங்கள் பங்கோடு தொடங்கிய பழக்கமும் இல்லை. 1658 இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கையில் விழுந்து குருக்கள் விரட்டப்பட்ட பிறகு, 1687 இல் கோவாவைச் சேர்ந்த குரு யோசேப் வாஸ் அடிகள் இலங்கைக்கு வரும்வரை கிட்டத்தட்ட 29 வருடம். அத்தனை காலமும் இந்தப் பக்கத்தில் செபம் சொல்லிக் கொடுத்ததும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத் தண்ணீர் வார்த்ததும் சாதாரண சனம்தான். 1670 இல் மாந்தையில் இருந்து மாதாவின் சுருபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனது இருபது குடும்பங்கள் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்தோம். அந்தக் காடுதான் இன்றைய மடு மாதா திருத்தலம். யோசேப் வாஸ் அடிகளை 2015 ஜனவரி 14 அன்று காலை காலிமுகத்திடலில் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று பின்னேரமே திருத்தந்தை பிரான்சிஸ் மடுவுக்கு வந்தார். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். அந்த இருபது குடும்பங்களில் ஒருவருடைய பெயராவது எனக்குத் தெரியுமா என்று அன்றைக்கு யோசித்தேன். இருபது என்ற எண்ணிக்கைதான் தெரியும். 2008 ஏப்ரலில் அதே சுருபம் ஷெல்லடிக்குத் தப்பித் தேவன்பிட்டிக்குப் போனதே, அந்தப் பயணத்துக்குக் கை கொடுத்தவர்களின் பெயரையாவது யாரும் எழுதி வைத்திருந்தால் நல்லது.

விழா முடிந்து சோறு சாப்பிடும்போது ஒருவர் சொன்னார், மூப்பருக்கு உரோமையில் இருந்து பதக்கம் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று. திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் (லியோ) 1888 இல் ஏற்படுத்திய சிலுவைப் பதக்கம் ஒன்று உண்டு, பொதுநிலையினருக்கும் கொடுப்பார்கள். சரி, கிடைத்தால் சந்தோசம். ஆனால் அதற்கு ஆயர் வழியாக விண்ணப்பம் போக வேண்டும், ஆள் என்ன செய்தார் என்று எழுத வேண்டும். எதை எழுதப் போகிறோம்? அதே தாளையா?

"வலது கை செய்வது இடது கைக்குத் தெரியாமல் இருக்கட்டும்" என்று வேதத்தில் இருக்கிறதே என்று இன்னொருவர் கேட்டார். அது கொடுக்கிற கைக்குச் சொன்னது ஐயா. வாங்கின நாங்கள் மறந்துபோகலாம் என்று எந்த வசனத்தில் இருக்கிறது?

ஆகவே அடுத்த திருநாளுக்குப் பொன்னாடை வாங்குவதற்கு முன் யாராவது ஒரு கொப்பியோடு அந்த வீடுகளுக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. மாமியின் பெட்டிக்குள் ஏற்கெனவே நாலு பொன்னாடை கிடக்கிறது, பாச்சான் உருண்டை போட்டு வைத்திருக்கிறா. மூப்பர் அப்புவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவரோடு ஓடி வந்தவர்களில் பாதிப் பேர் இப்போது சேமக்காலையில், கல்லறைக்குள்.

பிறரைச் சொல்லிவிட்டு நான் சும்மா இருக்கக்கூடாது என்று நேற்றுப் பின்னேரம் அப்பு வீட்டுக்குப் போனேன். போனில் பதியட்டுமா, அந்த உரப்பைக் கதையைச் சொல்லுங்கோ என்றேன். அவர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே, "இப்ப ஏன் தம்பி அதெல்லாம்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் எங்க தனியச் சுமந்தனான்? உடையார்கட்டில எனக்குக் கால் ஏலாமப் போச்சு. அங்கயிருந்து கொப்பர்தான் சைக்கிளில கட்டி உருட்டினவர். அதை முதல்ல எழுது" என்றார்.

அப்பா போய் ஆறு வருடம். இருந்தவரை இதை அவர் வாய் திறந்து சொன்னதில்லை.

வாற ஞாயிறு பூசை முடிய வரச் சொல்லியிருக்கிறார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.