அந்தப் பிள்ளையிடம் கேட்டீர்களா?

மகளின் மஞ்சள் நீராட்டைப் பெற்றோரே எடுத்துப் போட்டு, மூன்று நாளாக ஓடுகிற அந்த ரீல்ஸைப் பற்றித்தான். லிங்க் தர மாட்டேன், பார்த்தவரை போதும். நடுவில் ஒரு இடத்தில் அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடப் பார்க்கிறாள். வளையல் போட்ட ஒரு கை வந்து முந்தானையை விலக்கிவிடுகிறது. கீழே இதயங்களாகக் கொட்டிக் கிடக்கின்றன.

"பிள்ளையிடம் கேட்டீர்களா?" என்று ஒரே ஒரு கமெண்ட் போட்டேன். உடனே நான் பண்பாட்டு விரோதி ஆகிவிட்டேன், பிள்ளை பெறாதவளாம். (இரண்டு பெற்றிருக்கிறேன், நன்றி.)

சடங்கை நான் குறை சொல்லவே இல்லை. எனக்கும் சுற்றினார்கள், தாய்மாமன் சீரோடு. ஆனால் அந்த ஆல்பம் அம்மாவின் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. வீட்டுக்கு வந்த அத்தைகள் புரட்டிப் பார்த்தார்கள். என் வகுப்புப் பையன்கள் பார்க்கவில்லை.

"எங்க பிள்ளை, எங்க இஷ்டம், சட்டமா தடுக்குது?" என்கிறார் ஒரு அண்ணன். தடுக்கவில்லை அண்ணா, நிம்மதியாக இருங்கள். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைத் தொட நிறுவனங்கள் பெற்றோரிடம் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது. பெற்றோர் பிள்ளையிடம் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. சொந்த உபயோகம், வீட்டு விஷயம் என்றால் அந்தச் சட்டமே பொருந்தாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். சரி, எந்தப் பிள்ளை அப்பா மேல் வழக்குப் போடும்?

பிரான்சில் 2024-இல் சட்டமே போட்டுவிட்டார்கள். படத்தைப் போடுவதில் பெற்றோருக்குள் ஒத்துவராவிட்டால், மற்றவர் சம்மதமில்லாமல் போடக் கூடாது என்று நீதிபதி தடுக்கலாம். வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்பப் பிள்ளையையும் கலந்துகொள்ள வேண்டும். அதாவது, கேட்க வேண்டும். "அது பிரான்ஸ்" என்பீர்கள். ஆமாம், ரீல்ஸ் மட்டும் நம்ம ஊர்ப் பாரம்பரியம்.

நான் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. என் மகன் ஆறாம் வகுப்பில் 'சாமி, கணக்குல பாஸ் போட்டுடு' என்று எழுதி விபூதித் தட்டுக்கு அடியில் வைத்திருந்தான். அழகாக இருக்கிறதே என்று போட்டோ எடுத்துப் போட்டேன். லைக் குவிந்தது. மறுநாள் லிஃப்டில் மேல்வீட்டுக்காரர், "என்னடா, சாமி பாஸ் போட்டாரா?" என்றார். அவன் என்னைப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. அந்தப் பார்வைக்கு எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அப்புறம் அந்தத் தட்டுக்கு அடியில் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம், கமெண்டை மூடவில்லை. பிள்ளை படத்தை புரொஃபைலில் வைத்துக்கொண்டு வந்து மட்டும் திட்டாதீர்கள்.