லா கிளார்க் வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்களா? முதலில் ஒரு கோப்பைச் சுருக்கிப் பாருங்கள்

நீதிபதிக்குச் சட்ட உதவியாளராக இருக்கும் லா கிளார்க் வேலையை நம் ஊர் சட்ட மாணவர்களில் பலர் எட்டிப் பார்ப்பதே இல்லை. "அதெல்லாம் தேசிய சட்டப் பல்கலையில் படித்தவர்களுக்கு, ஆள் தெரிந்தவர்களுக்கு" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இது பெரிய இழப்பு. உச்ச நீதிமன்றம் இதற்கு எழுத்துத் தேர்வு வைக்கிறது. பார் கவுன்சில் அங்கீகரித்த எந்தக் கல்லூரியில் படித்தவரும் எழுதலாம். 2024-ல் வந்த அறிவிப்பில் வயது 20 முதல் 32 வரை, விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய், தொகுப்பூதியம் மாதம் 80,000 ரூபாய். இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். சேரும்போது பட்டம் முடித்ததற்கான சான்று கையில் இருக்க வேண்டும். வயது, ஊதியம் போன்றவை ஒவ்வொரு அறிவிப்பிலும் மாறக்கூடியவை. அந்தந்த ஆண்டு அறிவிப்பை முழுதாகப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

இன்னொரு காரணமும் இப்போது சேர்ந்திருக்கிறது. சிவில் நீதிபதி தேர்வுக்குக் குறைந்தது 3 ஆண்டு வக்கீல் தொழில் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று தீர்ப்பளித்தது. லா கிளார்க்காகப் பணியாற்றிய காலத்தையும் அந்த அனுபவத்தில் சேர்க்க வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. நீதித்துறைக்குப் போக நினைப்பவர்களுக்கு இது வீணாகாத காலம்.

தேர்வு மூன்று கட்டம். முதலில் கொள்குறி வினா, பிறகு விரித்து எழுதும் தாள், கடைசியாக நேர்காணல். எல்லாரும் முதல் கட்டத்துக்கு விழுந்து விழுந்து படிக்கிறார்கள். ஆனால் ஆளைக் காட்டிக்கொடுப்பது இரண்டாவது தாள்தான். காரணம், அந்த வேலையே எழுத்து வேலை.

உச்ச நீதிமன்றத்தில் திங்களும் வெள்ளியும் புதிய மனுக்கள் அனுமதிக்கு வரும் நாட்கள். அரசியலமைப்பின் 136-வது பிரிவின் கீழ் வரும் எஸ்.எல்.பி.க்கள், அதாவது மேல்முறையீட்டுக்குச் சிறப்பு அனுமதி கோரும் மனுக்கள், கட்டுக் கட்டாக வந்து நிற்கும். ஒவ்வொரு பேப்பர் புக்கையும் (மனுவும் இணைப்பு ஆவணங்களும் சேர்ந்த கட்டு) லா கிளார்க் படித்து, ஒன்றிரண்டு பக்கத்தில் நீதிபதிக்குக் குறிப்பு எழுதித் தர வேண்டும். யார் வந்திருக்கிறார், எந்த உத்தரவை எதிர்த்து, எத்தனை நாள் தாமதம், கீழ் நீதிமன்றங்கள் என்ன காரணம் சொல்லின, இதில் எழும் சட்டக் கேள்வி என்ன. ஒவ்வொரு தகவலுக்கும் பக்க எண் இருக்க வேண்டும். பக்க எண் இல்லாத குறிப்பு என் பார்வையில் குறிப்பே இல்லை. படிப்பவர் மறுபடி கோப்பைப் புரட்ட வேண்டியிருக்கும்.

ஒரு செக் வழக்கை எடுத்துக்கொள்வோம். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து மார்ச் 3 அன்று கிடைக்கிறது. ஏப்ரல் 1-ல் நோட்டீஸ் அனுப்பியாயிற்று. 30 நாள் கெடு ஏப்ரல் 2 வரை, அதனால் நோட்டீஸ் சரி. எதிர்த்தரப்பு அதைப் பெற்றது ஏப்ரல் 4. பணம் கட்ட 15 நாள், ஏப்ரல் 19-ல் முடிகிறது. வழக்குமூலம், அதாவது வழக்குப் போடும் உரிமை, பிறப்பது ஏப்ரல் 20. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள், அதாவது மே 20-க்குள், புகார் தாக்கலாகியிருக்க வேண்டும். கோப்பில் இருப்பதோ மே 23. "நோட்டீஸ் அனுப்பி உரிய காலத்தில் புகார் செய்யப்பட்டது" என்று மனுவில் இருக்கும் வரியை அப்படியே இறக்கி வைப்பவர் தோற்றார். "புகார் 3 நாள் தாமதம், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு கோப்பில் காணவில்லை" என்று எழுதுபவர்தான் வேண்டும். இந்த ஒரு வரியில் வழக்கின் போக்கே மாறலாம்.

பிரிவு எண்களிலும் இதே கவனம் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் வழக்கை ரத்து செய்யக் கோரும் மனு. அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ்.-ல் 482 என்றால் முன்ஜாமீன். ரத்து மனு 528-க்குப் போய்விட்டது. எந்தச் சட்டம் என்று சொல்லாமல் "482 மனு" என்று எழுதினால் படிப்பவருக்கு எது என்றே தெரியாது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் (ஐ.பி.சி.) இன்னும் பொருந்தும், ஆகவே இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

முன்தீர்ப்பைக் காட்டும்போது யாரோ எடுத்துக் கொடுத்த பத்தியை நம்பாதீர்கள், செயற்கை நுண்ணறிவு தந்ததைச் சுத்தமாக நம்பாதீர்கள். இல்லாத தீர்ப்புக்கு அழகாகப் பெயரும் ஆண்டும் போட்டுக் கொடுத்துவிடும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் கிடைக்கும் அதன் இ-எஸ்.சி.ஆர். தளம் இலவசம். தீர்ப்பைத் திறந்து, அந்தப் பத்தியைக் கண்ணால் பார்த்து, பெரும்பான்மைக் கருத்தா மாறுபட்ட கருத்தா என்று உறுதி செய்த பிறகே எழுதுங்கள்.

சில நீதிமன்றங்களிலும் சில நீதிபதிகளிடமும் சுயவிவரமும் எழுத்து மாதிரியும் கேட்பார்கள். சுயவிவரம் இரண்டு பக்கம் தாண்ட வேண்டாம். "கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவர்" போன்ற வரிகளை எடுத்துவிடுங்கள். மூட் கோர்ட் (மாணவர்களின் மாதிரி நீதிமன்றப் போட்டி) பட்டியலைவிட, எந்தப் பிரச்சினையில் எந்தப் பக்கம் வாதிட்டீர்கள் என்ற ஒரு வரி அதிகம் பேசும். எழுத்து மாதிரியாக நீங்களே தனியாக எழுதியதை மட்டும் கொடுங்கள். சீனியர் அலுவலகத்தில் தயாரித்த மனுவைக் கொடுப்பதானால் அனுமதி கேட்டு, கட்சிக்காரர் பெயரையும் அடையாளங்களையும் நீக்கிவிட்டுத்தான். ரகசியம் காக்கத் தெரியாதவர் என்று விண்ணப்பத்திலேயே காட்டிக்கொண்டால் அதற்குமேல் யாரும் படிக்க மாட்டார்கள்.

நேர்காணலில் அண்மைத் தீர்ப்பு ஒன்றைப் பற்றிக் கேட்டால் புகழ்ந்து தள்ளாதீர்கள். எந்தக் காரணம் உங்களுக்கு ஏற்புடையது, எது இடறுகிறது என்று சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். மழுப்புகிறவரின் குறிப்பை நம்பி யாரும் நீதிமன்றத்தில் உட்கார முடியாது. நெருங்கிய உறவினர் அதே நீதிமன்றத்தில் வாதாடினால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஒன்று. நம் கீழமை நீதிமன்றங்களின் சாட்சியங்கள், காவல்துறை வாக்குமூலங்கள், பழைய பத்திரங்கள் பெரும்பாலும் தமிழில் இருக்கும். "அடித்தான்" என்று சாட்சி சொன்னது மொழிபெயர்ப்பில் "தாக்க முயன்றான்" என்று மாறியிருந்தால், மூலத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் நீங்கள்தான். சென்னை உயர் நீதிமன்றத்திலும் அதன் மதுரைக் கிளையிலும் இந்தத் திறமைக்கு மதிப்பு உண்டு. ஆங்கிலத்தில் அதை எழுதிச் சொல்லவும் வர வேண்டும், அதற்குப் பயிற்சிதான் வழி. வாரம் ஒரு தீர்ப்பை எடுத்து, 500 சொற்களுக்குள் சுருக்கி, நண்பரிடம் கொடுங்கள். அதை மட்டும் படித்து அவரால் வழக்கைத் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

வேலை கிடைத்த பிறகு ஒன்றை மறந்துவிடாதீர்கள். வக்கீலாகப் பதிவு செய்தவர் முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் மாநில பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். சேர்ந்த தேதி, விடுபட்ட தேதி இரண்டும் உள்ள சான்றிதழைப் போகும்போதே வாங்கிக்கொள்ளுங்கள். சிவில் நீதிபதி தேர்வுக்கு அனுபவக் கணக்கு காட்டும்போது அது தேவைப்படும்.