அன்புக்கு முன்னால் மருந்து

பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் பாலி விநயத்தில், மகாவக்கம் என்ற நூலின் எட்டாம் பகுதியில் இது வருகிறது. வயிற்றுப்போக்கு கண்ட ஒரு பிக்கு (துறவி) தன் மலத்திலும் மூத்திரத்திலும் கிடக்கிறார். தன் சீடர் ஆனந்தரோடு குடில்களைச் சுற்றி வந்த புத்தர், பார்த்துக்கொள்ள ஆள் இல்லையா என்று கேட்கிறார். "நான் யாருக்கும் எதுவும் செய்ததில்லை, அதனால் எனக்கும் யாரும் செய்யவில்லை" என்கிறார் அவர். ஆனந்தர் தண்ணீர் கொண்டுவருகிறார். புத்தர் ஊற்ற, ஆனந்தர் கழுவிவிடுகிறார். தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தரும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். அதற்குப் பிறகுதான் துறவிகளின் சங்கத்தைக் கூட்டி, "எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும்" என்கிறார்.

அந்தக் கடைசி வரியை எல்லாரும் பகிர்கிறோம். அதையொட்டி அவர் கொடுத்த பட்டியலை யாரும் பகிர்வதில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு ஐந்து தகுதி வேண்டும்: மருந்து தயார்செய்யத் தெரிய வேண்டும், உடம்புக்கு ஒத்தது எது, ஒவ்வாதது எது என்று தெரிந்து, ஒத்ததைக் கொண்டுவந்து ஒவ்வாததை அகற்ற வேண்டும், ஆதாயம் பாராமல் அன்போடு செய்ய வேண்டும், மலம், மூத்திரம், எச்சில், வாந்தி அள்ள அருவருக்கக் கூடாது, அவ்வப்போது நல்ல பேச்சால் மனதைத் தேற்ற வேண்டும்.

அன்பு மூன்றாவதாக வருகிறது. அந்த வரிசை சரி என்றே நினைக்கிறேன். பாசம் கொட்டிக்கிடக்கும் வீட்டிலும் படுக்கைப் புண் வருகிறது, கஞ்சி புரையேறி நுரையீரலுக்குப் போகிறது. அங்கே குறைவது முதல் இரண்டும்தான்.

மருந்திலிருந்து தொடங்குவோம். இதயத்துக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒரு டாக்டர் என்று போகும்போது ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் வீட்டுக்கு வந்துவிடும். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டை ஒவ்வொரு டாக்டரிடமும் காட்டுங்கள். மூக்கு டியூப் போட்டிருந்தால் எந்த மாத்திரையையும் கேட்காமல் பொடிக்காதீர்கள். மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும்.

அடுத்தது சாப்பாடு. படுத்த வாக்கில் ஒரு வாய்த் தண்ணீர்கூட வேண்டாம். நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, அரை ஸ்பூன் கொடுங்கள். விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த ஸ்பூன். முடிந்ததும் 30 நிமிடம் அப்படியே உட்கார்ந்திருக்கட்டும். சாப்பிடும்போது இருமலோ, பேசும்போது குரலில் சளி கட்டினாற்போன்ற களகளப்போ இருந்தால், உணவு தப்பான குழாயில் போகிறது. உடனே நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள்.

புண் விஷயம் இன்னும் முக்கியம். எலும்பு துருத்தும் இடத்தில் ஒரே பக்கமாக எடை அழுத்தினால் அங்கே ரத்த ஓட்டம் நின்று தோல் செத்துப்போகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், பக்கம் மாற்ற வேண்டும். முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சுமார் 30 டிகிரி சாய்த்தால் போதும். முழுக்க ஒருக்களித்தால் இடுப்பெலும்பில் பாரம் விழும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் துடைக்கும்போது பிட்டத்துக்கு மேலே, இடுப்பு, குதிகால், பின்தலை எல்லாம் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்ததும் வெளுத்து மறுபடி சிவந்தால் இன்னும் மோசமாகவில்லை என்று கொள்ளலாம். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது. கருத்த தோலில் சிவப்பு தெரியாது, சூடும் கெட்டித்தன்மையும்தான் அடையாளம். அந்த இடத்தைத் தேய்த்துவிடவே கூடாது, உள்ளே திசு இன்னும் நசுங்கும். மேலே நகர்த்தும்போது அக்குளில் பிடித்து இழுக்காதீர்கள். அடியில் ஒரு போர்வை போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்குங்கள். ஏர் பெட் வாங்கியாயிற்று என்று புரட்டுவதை விட்டுவிடவும் கூடாது.

டயபர் மாற்றும்போது நோயாளி முதலில் பார்ப்பது உங்கள் முகத்தை. வெந்நீர், துணி, கையுறை, மாற்று டயபர் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்கினால் வேலை சீக்கிரம் முடியும், முகமும் சுளிக்காது. பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் மூத்திரத்தில் கிருமி தொற்றும். ஈரத்தை ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

பேச்சில் நாம் செய்யும் பெரிய கொடுமை, "எல்லாம் முன்வினை" என்று நோயாளியின் காதுபடச் சொல்வது. அதைச் சொல்பவர்கள் பௌத்தத்தையும் துணைக்குக் கூப்பிடுவார்கள். புத்தரின் உரைகளைத் தொகுத்த சம்யுத்த நிகாயத்தில் சீவகன் என்ற துறவி, எல்லா வேதனைக்கும் முன்வினைதான் காரணமா என்று கேட்டபோது புத்தர் அதை மறுத்தார். பித்தம், கபம், வாதம், இவை மூன்றும் கூடியது, பருவ மாற்றம், உடம்பைச் சரியாகப் பேணாதது, அடிபடுவது, வினை என்று எட்டுக் காரணம் சொன்னார். எட்டில் ஒன்றை மட்டும் எடுத்துப் படுத்துக் கிடப்பவர் தலையில் போட நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அதற்குப் பதில் வலியை விசாரியுங்கள். நோயாளி எதைச் சொல்ல வேண்டும் என்றும் அதே விநயம் சொல்கிறது: கூடினால் கூடுகிறது, குறைந்தால் குறைகிறது, அப்படியே இருந்தால் அப்படியே இருக்கிறது. தினமும் இந்த மூன்றையும் கேட்டு நோட்டில் குறித்தால் டாக்டருக்குப் பெரிய உதவி.

இனி, பார்த்துக்கொள்பவர். மணிமேகலையின் ஆபுத்திரன் மதுரையில் பிச்சைச் சோற்றைப் பார்வையற்றவர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஊட்டிவிட்டு மிச்சத்தை உண்டான். காப்பியத்தில் அது அழகு. வீட்டில் ஒரே மருமகளோ மகளோ மனைவியோ மாதக்கணக்கில் மிச்சத்தைத் தின்று, இரவு தூங்காமல் இருந்தால் அடுத்த நோயாளி அவர்தான். 5-ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் எழுதிய பௌத்த உரையாசிரியர் புத்தகோசர், மைத்ரி (அன்பு) தியானத்தைத் தன்னிடமிருந்தே தொடங்கச் சொன்னார். கருணையைப் போலவே தோன்றி அதைக் கெடுப்பது துயரம் என்றும் எழுதினார். கட்டிலருகே உட்கார்ந்து அழுதுவிட்டுப் போகும் உறவினர் கருணையோடு வந்ததாகவே நம்புகிறார். இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப் போட ஆள் இல்லை.

விநயம் இதையும் யாருடைய நல்ல மனதுக்கும் விட்டுவைக்கவில்லை. குருவோ சீடரோ பார்க்க வேண்டும்; அவர்கள் இல்லாவிட்டால் சங்கமே பார்க்க வேண்டும்; பார்க்காவிட்டால் குற்றம். வீட்டிலும் முறை போட்டு எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளை இரவுக்கு வரும் நர்ஸின் சம்பளத்தை ஏற்கட்டும், டயபர் செலவைத் தனியாக எழுதட்டும்.

இறந்த பிக்குவின் பாத்திரமும் சீவரமும் (துறவு ஆடையும்) சங்கத்துக்குச் சொந்தம். ஆனாலும் பார்த்துக்கொண்டவர்கள் பெரிய உதவி செய்தவர்கள் என்பதால் அவற்றை அவர்களுக்கே கொடுக்கச் சொன்னார் புத்தர். அந்தப் பணியில் ஒரு சாமணேரரும் (பயிற்சித் துறவியும்) இருந்திருந்தால் அவருக்கும் சமபங்கு. பதினாறாம் நாள் சொத்துப் பேச உட்காரும் அண்ணன் தம்பிகள், ஆண்டுக்கணக்கில் பெட்பேன் கழுவிய தங்கையின் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு மீதியைப் பேசட்டும்.