பீஸ் மட்டும் பாத்தா பத்தாது
கத்தோலிக்க பொதுநிலையினர் (குருவோ துறவியோ இல்லாத சாதாரண விசுவாசிகள்) சர்ச் பணிக்காகப் படிக்கற ஊழியப் படிப்புக்கு, ஒரு கிரெடிட்டுக்கு (பாட அளவு) எவ்ளோ பீஸ்னு பாத்து காலேஜ் செலக்ட் பண்ணுங்கன்னு ஒரு கட்டுரைல இருக்கு, சரிதான், ஆனா ஆன்லைன் கோர்ஸ்னு சொல்லிட்டு நடுவுல நேர்ல வரச் சொல்லுவாங்க பாருங்க, அந்த டிக்கெட், ரூம், அப்புறம் புக்ஸ், டெக்னாலஜி பீஸ் எல்லாம் யாரு கணக்குல சேக்கறது? முதல்ல உங்க சர்ச் பங்குத்தந்தைகிட்ட பேசுங்க, சில மறைமாவட்டம் (ஒரு பிஷப்போட நிர்வாகப் பகுதி) பீஸ்ல ஒரு பங்கு ஏத்துக்கும், சிலது தானே சர்டிபிகேட் கோர்ஸ் நடத்துது. 2021ல போப் பிரான்சிஸ் வேதியர் (மறைக்கல்வி, அதாவது விசுவாசப் பாடம் சொல்லிக்குடுக்கறவர்) பணிய பொதுநிலையினர் திருப்பணியா முறைப்படி அறிவிச்சப்போ கூட நல்ல பயிற்சி வேணும்னுதான் சொன்னாரு, டிகிரி கேக்கல. ஞாயிறு மறைக்கல்வி எடுக்க கடன் வாங்கி எம்.ஏ. எதுக்குங்க? ஆஸ்பத்திரி சாப்ளைன் (நோயாளிகளுக்கு ஆன்மீக ஆறுதல் குடுக்கறவர்) வேலைன்னா கதையே வேற, அங்க உங்க படிப்புக்கு அங்கீகாரம் இருக்கான்னுதான் முதல்ல கேப்பாங்க.