டோக்கியோவையும் சேர்த்துச் சொல்லுங்கள்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய மக்கள் பட்ட துயரத்தைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை ஹிரோஷிமா, நாகசாகியோடு நின்றுவிட்டது. அணுகுண்டு விழுவதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே, 1945 மார்ச் 10 அதிகாலையில், டோக்கியோவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். ஏறக்குறைய 300 அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் தாழப் பறந்து வந்து, மரவீடுகள் நெருக்கியடித்து நின்ற உழைக்கும் மக்களின் பகுதிகள்மீது ஒட்டிக்கொண்டு எரியும் நேபாம் தீக்குண்டுகளைக் கொட்டின. இலக்கு தவறிய விபத்தல்ல அது. எரியவைக்கவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த மக்கள் ஏன் தப்பி ஓடவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. எப்படி ஓடுவார்கள்? தீயை அணைப்பது குடிமக்களின் கடமை என்று ஜப்பானின் வான்காப்புச் சட்டமே கட்டாயப்படுத்தியிருந்தது. வாளியும் ஈரப்பாயும்தான் கையிலிருந்த கருவிகள். அதையும் மீறி ஓடியவர்கள் சுமிதா ஆற்றுப் பாலங்களில் இரு கரையிலிருந்தும் வந்த கூட்டத்தில் சிக்கினார்கள். ஆற்றில் குதித்தவர்களிலும் பலர் பிழைக்கவில்லை.

என்னை அதிகம் கொதிக்க வைப்பது பிறகு நடந்ததுதான். படைவீரர்களின் குடும்பங்களுக்கு ஓய்வூதியம் கிடைத்தது. அணுகுண்டுக்குத் தப்பியவர்களுக்கும் தாமதமாகவேனும் மருத்துவ உதவி வந்தது. டோக்கியோவில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு இழப்பீடு என்று எதுவுமே இல்லை. முதுமையில் அவர்கள் தொடுத்த வழக்கையும் 2013-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் அந்தத் தாக்குதலை நடத்திய அமெரிக்கத் தளபதி கர்டிஸ் லமேக்கு 1964-இல் ஜப்பான் அரசே உயரிய விருது வழங்கியது.

கட்டுரையின் அடுத்த பகுதியிலாவது இந்த டோக்கியோ மக்களுக்கு இடம் கொடுங்கள்.