திரை கறுத்த அந்த மூண்டு ஓவர்

ஞாயிறு இரவு நடந்தது எங்கட ஒழுங்கையில எல்லாருக்கும் தெரியும். கிரிக்கெட் மட்ச் முடிய இன்னும் மூண்டு ஓவர் இருக்கேக்க ரீவி கறுத்தது. பிறகு நீலமாகி, இந்தச் சனல் உங்கட பக்கேஜில இல்லை எண்டு ஒரு வரி வந்தது. பதினேழு ஓவர் வரைக்கும் இருந்த சனல் பதினெட்டாவது ஓவரில எப்பிடி இல்லாமப் போகும்? கேபிள் ஒபிசுக்கு அடிச்சு அடிச்சுப் பார்த்தன். அடுத்த நாள் காலமைதான் ஒரு தம்பி எடுத்தவர். "அண்ணை, மற்ற எழுபது சனலும் வேலை செய்யுதுதானே" எண்டார். அந்தப் பதில்தான் இண்டைக்கு என்னை எழுத வைக்குது.

தம்பி, அந்த எழுபது சனலுக்காக நான் காசு கட்டேல்லை. நாடகத்தை அம்மா அடுத்த நாள் யூரியூப்பில பார்க்கிறா. செய்தி ரீவிக்கு வர முதல் போனுக்கு வந்திடும். படத்தை எப்ப வேணுமெண்டாலும் பார்க்கலாம். மட்ச் ஒண்டுதான் நடக்கிற நேரத்தில பார்க்க வேண்டியது. முடிவு தெரிஞ்ச பிறகு அதைப் போட்டு என்ன செய்யிறது? வீட்டு வீட்டுக்கு இன்னும் அந்தக் கறுப்பு வயர் தொங்குதெண்டால் அது மட்சுக்காகத்தான்.

இது என்ர கற்பனை இல்லை. ஐபிஎல்லின்ர 2023 முதல் 2027 வரையான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி இந்திய ரூபாவுக்குப் போனது. மட்ச் ஒண்டுக்குக் கணக்குப் பார்த்தால் 118 கோடி. ரீவி உரிமையை ஸ்டார் கொம்பனி வைச்சுக்கொள்ள, இந்தியாவில போனில காட்டுற உரிமை வயாகொம்18 எண்ட வேற கொம்பனியிட்டைப் போனது. உடனை என்ன நடந்தது? 2023 ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் மூண்டே மாசத்தில, முந்தி ஐபிஎல்லைப் போனில காட்டின ஹொட்ஸ்டார் 1 கோடியே 25 லட்சம் சந்தாக்காரரை இழந்தது. படமும் நாடகமும் அங்க பிறகும் நிறைய இருந்தது. கிரிக்கெட் போக, சனமும் போட்டுது. அமெரிக்காவில அதே 2023இல ஆகக் கூடுதலான ஆக்கள் பார்த்த 100 ஒளிபரப்பில 93 அவையின்ர அமெரிக்கன் ஃபுட்போல் லீக்கான என்எஃப்எல் ஆட்டங்கள். படத்தாலயும் தொடராலயும் வளர்ந்த நெட்ஃபிளிக்ஸே 2024இல குத்துச்சண்டையை நேரடியாக் காட்ட வந்திட்டுது. உலகம் முழுக்க இந்த வியாபாரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது நேரடி விளையாட்டு. எங்கட ஒழுங்கையில மட்டும் அது எழுபத்தொராவது சனலோ?

"போனில பார்க்க வேண்டியதுதானே" எண்டு எழுத வாறவைக்கு ஒண்டு சொல்லுறன். பார்த்தனான். ஞாயிறு கடைசி மூண்டு ஓவரையும் என்ர போனில டேற்றா போட்டுத்தான் பார்த்தன். பந்து வீசுறவர் ஓட வெளிக்கிட முதலே, டிஷ் வைச்சிருக்கிற பக்கத்து வீட்டில "ஐயோ" எண்டு கத்திப்போட்டினம். எனக்கு விக்கெட் விழ அரை நிமிசம் பிந்திச்சுது. அதோட, அந்தச் சின்னத் திரையை அப்பா எப்பிடிப் பார்க்கிறது? ஒரு கண்ணில கற்றாக்ற் வெட்டியாச்சு, மற்றக் கண்ணுக்கு இன்னும் திகதி கிடைக்கேல்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் வேணும். 1996 மார்ச் 17, லாகூரில இலங்கைக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் உலகக் கிண்ண இறுதி. நாங்கள் அப்ப சண்டையால இடம்பெயர்ந்து கொடிகாமத்தில ஒரு வீட்டுத் தாவாரத்தில இருந்தனாங்கள். கறண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. அப்பா சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவில இருந்து றேடியோவுக்கு வயர் குடுத்து, பெடலைக் கையால சுத்தினவர். கை களைச்சால் சத்தம் கீழ இறங்கும். "சுத்துங்கோ, சுத்துங்கோ" எண்டு நாங்கள் கத்துவம். அரவிந்த டி சில்வா 107 அடிச்சு ஆட்டமிழக்காமல் நிண்டவர். நாங்கள் வெண்டது தெரியேக்க அப்பான்ர உள்ளங்கை கொப்பளிச்சிருந்தது.

இலங்கை அணியை "நாங்கள்" எண்டு எழுதினதுக்கே சிலபேருக்குக் கோவம் வரும் எண்டு தெரியும். அந்த அணியில தமிழரான முரளி இருந்தவர். அந்தத் தாவாரத்தில நாங்கள் பன்ரெண்டு பேர் ஒரு இரவு பயமில்லாமல் சிரிச்சனாங்கள். இதுக்கு மேல நான் ஆருக்கும் விளக்கம் சொல்ல மாட்டன்.

கேபிள்காரரும் மேல இருக்கிறவைக்குக் காசு கட்ட வேணும் எண்டு சொல்லுவியள். நியாயம். உரிமை விலை ஏறினால் எங்களிட்டையும் கூட வாங்கட்டும். ஆனா மாசத் துவக்கத்தில வந்து சொல்லிப்போட்டு வாங்கட்டும். 300 ரூபா கூட எண்டால் நான் அண்டைக்கே குடுத்திருப்பன். கடைசி ஓவரில கழுத்தைப் பிடிக்கிறது வியாபாரமில்லை.

"நாட்டில எவ்வளவு பிரச்சினை, இவருக்கு மட்ச்" எண்டும் ஒருத்தர் எழுதுவார். பிரச்சினை இல்லாத காலம் எண்டு ஒண்டை நான் இந்த ஊரில கண்டதில்லை. 2024 மே மாசம் எங்கட யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிப் பெடியன் வியாஸ்காந்த் ஹைதராபாத்துக்காக முதல் ஐபிஎல் மட்ச் விளையாடேக்க, எங்கட விறாந்தையில பதினைஞ்சு பேர். கதிரை காணாமல் நிலத்தில இருந்தவை. அவன் பந்தை எடுக்க அப்பா எழும்பி நிண்டவர். அந்த விறாந்தைக்குத்தான் நான் மாசாமாசம் காசு கட்டுறன். தனித்தனிய போனைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குக் கேபிள் தேவையில்லை.

ஞாயிறு திரை கறுத்த பிறகும் அப்பா கதிரையை விட்டு எழும்பேல்லை. தன்ர கண்தான் மங்கிட்டுது எண்டு நினைச்சு, கண்ணாடியைக் கழட்டிச் சாரத்தில துடைச்சுப்போட்டுத் திரும்பப் போட்டவர். "தம்பி, எனக்குத்தான் தெரியேல்லையோ?" எண்டு கேட்டவர்.

அஞ்சாம் திகதி காசுக்கு வருவியள். அப்பா விறாந்தையிலதான் இருப்பார். மற்ற எழுபது சனலும் வேலை செய்யுது எண்டு அவரிட்டைச் சொல்லுங்கோ.